மின்சாரம் போனால் சர்வர் அலமாரியின் மின்பூட்டு என்ன செய்யும்?

சர்வர் கணினிகளை வைக்கும் அலமாரிக்குச் சாவிக்குப் பதில், கார்டு காட்டித் திறக்கும் மின்பூட்டு போட்டால் யார், எப்போது திறந்தார்கள் என்ற பதிவு கிடைக்கும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரிதான். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி விட்டுப்போயிருக்கிறது. கரண்ட் போனால் அது திறந்துகொள்ளுமா, பூட்டியே இருக்குமா? காந்தப் பூட்டு மின்சாரம் நின்றதும் பிடியை விட்டுவிடும். ஆட்கள் வெளியேறும் கதவுக்கு அதுதான் வேண்டும். அலமாரிக்குள் யாரும் மாட்டிக்கொள்ளப் போவதில்லை. அங்கே மின்சாரம் இல்லாதபோதும் பூட்டியே இருக்கும் வகையைப் போடுங்கள். அவசரத்துக்குச் சாவித் துவாரமும் இருக்கட்டும். ஆனால் சாவியால் திறந்தால் கார்டு பதிவில் எதுவும் விழாது, அதனால் சாவி யாரிடம் இருக்கிறது என்பதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

அப்புறம், கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று காட்டும் கதவு சென்சார். வேலை முடிந்து கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போனால் பூட்டின் நாக்கு குழியில் விழாமலே நிற்கும். சென்சார் இல்லாவிட்டால் கண்காணிப்புத் திரையில் எல்லாம் பத்திரம் என்றே தெரியும்.

சோலனாய்டு பூட்டு (மின்சுருள் நாக்கை இழுக்கும் வகை) என்றால் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று பார்த்து டிசி சப்ளை கொடுங்கள். அந்தச் சுருளுக்குக் குறுக்கே டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) இல்லையென்றால், மின்சாரத்தைத் துண்டிக்கும் கணத்தில் எழும் உயர் மின்னழுத்தம் பூட்டுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயின் முனைகளைக் கருக்கிவிடும். முன்கதவுக்கு இவ்வளவும் செய்துவிட்டு, பக்கவாட்டுத் தகட்டை வெறும் திருகுகளில் விட்டுவைப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.