ஒன்பது மணிக்கே தூங்கிப்போன கிறிஸ்துமஸ்

போன கிறிஸ்துமஸ் இரவு பதினொன்றரை மணிக்கு நான் குளியலறையில் உட்கார்ந்து மகளின் புது கவுனை அலசிக்கொண்டிருந்தேன். அப்போது அவளுக்கு மூன்று வயது. நள்ளிரவுத் திருப்பலிக்காக, அதாவது கோவில் பூசைக்காக, தூக்கத்தில் எழுப்பி, கவுன் மாட்டி, தலை சீவி, ரிப்பன் கட்டி முடித்த நொடியில் வாந்தி எடுத்துவிட்டாள். காய்ச்சல் எல்லாம் இல்லை. பாதித் தூக்கத்தில் எழுப்பி நிற்க வைத்தால் பிள்ளை வேறென்ன செய்யும்? தொட்டிலில் சின்னவன் வீரிட்டான். வண்டிச் சாவியோடு வாசலில் நின்ற கணவர், "இன்னும் ரெடி ஆகலையா?" என்றார். அந்த ஒரு கேள்வியைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம். இன்னொரு நாள்.

இந்த வருடம் நவம்பர் கடைசியிலேயே ஒரு பழைய உறையின் பின்பக்கம் பட்டியல் போட்டேன். கிறிஸ்துமஸுக்காக வீட்டில் நடக்க வேண்டியவை மொத்தம் முப்பத்தொன்று. அதில் இருபத்தாறு என் தலையில். யார் யாருக்கு என்ன பரிசு, பெட்டிக்குள் சிக்கிக் கிடக்கும் விளக்குச் சரத்தைப் பிரிப்பது, எந்த உறவினர் வீட்டுக்கு முதலில் போகாவிட்டால் யார் முகம் தூக்குவார்கள் என்பது வரை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'இது யாருக்காக?' என்று எழுதிப் பார்த்தேன். பிள்ளைகளுக்காக என்று மனசாட்சியோடு எழுத முடிந்தவை நான்கு. மற்றதெல்லாம் ஊர் வாய்க்கு, சொந்தத்துக்கு, கொஞ்சம் ஃபோன் கேமராவுக்கு.

அந்த நான்கை மட்டும் வைத்துக்கொண்டோம். குடில், ஆளுக்கு ஒரு பரிசு, காலைத் திருப்பலி, வீட்டிலேயே இருப்பது. மரம் வைக்கவில்லை. புத்தாடையும் இல்லை. அவளுக்குப் பிடித்த, முட்டியில் சாயம் போன பழைய கவுனையே போட்டுக்கொண்டாள்.

அம்மாவிடம் ஃபோனில் சொன்னபோது, "நாங்கல்லாம் உங்க மூணு பேரையும் வச்சுக்கிட்டுச் செய்யலையாடி?" என்றார். செய்தார், இல்லை என்று யார் சொன்னது. ஆனால் என் ஆறு வயது கிறிஸ்துமஸில் இன்றும் கண்முன் நிற்பது நட்சத்திரமோ பரிசோ இல்லை. விருந்தாளிகள் போன பிறகு அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டதுதான். ஏதோ கோபம், நான்தான் என்னவோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று நினைத்து, சத்தம் வராமல் பொம்மைகளை எடுத்து வைத்தேன். இதை அம்மாவிடம் இதுவரை சொன்னதில்லை. ஃபோனிலும் சொல்லவில்லை.

'பிள்ளைகளுக்கு நினைவில் நிற்க வேண்டாமா?' என்று கேட்பவர்களுக்கு ஒன்று. மூன்று வயதுக்கு முந்தைய சம்பவங்கள் பெரும்பாலானவர்களுக்குப் பெரியவர்களான பின் நினைவில் இருப்பதே இல்லை. ஒன்றரை வயதுக்காரனுக்காக நான் கட்டும் தோரணம் அவன் நினைவுக்குப் போகாது, என் இடுப்புக்குத்தான் போகும்.

நள்ளிரவுத் திருப்பலியை விட்டதுதான் எனக்கே உறுத்தியது. சின்ன வயதிலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கென்று முந்தின மாலை, நள்ளிரவு, விடியற்காலை, பகல் என நான்கு திருப்பலிகள் உண்டு. எதற்குப் போனாலும் கிறிஸ்துமஸ் திருப்பலிதான். திருப்பலிக்குக் கட்டாயம் போக வேண்டிய பெருநாளைக் கடன்திருநாள் என்பார்கள். ஏழு வயது நிரம்பாத பிள்ளைக்கு அந்தக் கடமையே கிடையாது. ஞாயிறு, கடன்திருநாள் திருப்பலிக்குப் போக முடியாததற்குத் தகுந்த காரணமாக, நோயோடு சேர்த்து, கைக்குழந்தையைப் பராமரிப்பதையும் திருச்சபையின் மறைக்கல்வி நூலே 2181-ஆம் எண்ணில் சொல்கிறது. ரோமுக்குப் புரிந்தது நம் சொந்தக்காரர்களுக்குப் புரிய இன்னும் எத்தனை நூற்றாண்டு ஆகுமோ. நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதைக் கெடுத்துவிட்டு மறுநாள் முழுக்க 'ஏன் சிணுங்குற?' என்று அதட்டுவது எந்த ஊர் நியாயம்?

குடிலும் முதலில் எளிமையாகத்தான் இருந்திருக்கிறது. 1223-இல் புனிதர் அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோவில் அமைத்தபோது தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். அருவியும் ஓடவில்லை, சீரியல் பல்பும் இல்லை. லூக்கா நற்செய்தியைத் திரும்பப் படித்தால், பிள்ளை பிறந்த இரவே இடையர்கள் வந்து நிற்கிறார்கள். மரியா எழுந்து உபசரித்ததாக ஒரு வரிகூட இல்லை. நடந்ததையெல்லாம் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தார் என்றுதான் இருக்கிறது. பிரசவித்த யாரும் சொல்வார்கள், அது படுத்துக்கொண்டே செய்கிற வேலை.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று அளக்க மாட்டேன். வேண்டாம் என்று சொல்வதற்கே மூன்று ஃபோன், இரண்டு மனத்தாங்கல், ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவின் மௌனம் செலவானது. அன்று இரவு ஒன்பதுக்கே பிள்ளைகளோடு நானும் தூங்கிப்போய், பன்னிரண்டு மணிக்குக் கோவில் மணி கேட்டு விழித்தேன். எல்லோரும் அங்கே 'உன்னதங்களிலே' பாடிக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரம் அழுகையாக வந்தது. அப்புறம் சின்னவனின் கால் என் வயிற்றில் விழுந்தது, திரும்பிப் படுத்தேன்.

இன்று 28. பெரியவர்கள் பலருக்குக் கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது, ஏனென்றால் மூன்று ஞானிகள் இன்னும் குடிலுக்கு வந்து சேரவில்லை. ஜனவரி 6, ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்ட திருக்காட்சித் திருநாள் வரை அவகாசம் இருக்கிறதே. புத்தக அலமாரியின் மேல்தட்டில் கிளம்பியவர்களை மகள் தினமும் ஒரு முழம் நகர்த்துகிறாள். நேற்று தையல் இயந்திரத்தைத் தாண்டினார்கள். எனக்கு இதில் வேலையே இல்லை, எப்போதாவது சின்னவன் வாயிலிருந்து ஒரு ஞானியை மீட்பதைத் தவிர.

இன்று மாலை பார்த்தால் ஞானிகள் நகரவே இல்லை. ஒட்டகத்தைப் படுக்க வைத்து, அப்பாவின் கைக்குட்டையைப் போர்த்தியிருந்தாள்.

"என்னாச்சு பாப்பா?"

"ஒட்டகத்துக்கு டயர்டா இருக்காம்மா. நாளைக்குப் போகுமாம்."

சரி, ஆறாம் தேதிக்குள் வந்தால் போதும் என்றேன்.