கோட்டை விட்ட ரொபோ

என் கடையில் பின்னேரங்களில் ரொபோ செய்யும் பிள்ளைகள் சனிக்கிழமைப் போட்டியில் தடுமாறிய வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. அதைப் பற்றி எழுதுவதில்லை என்று மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்றுப் பாலையூற்றில் தேத்தண்ணீர் குடிக்கப் போன கடையிலும் ஒருவர் ஃபோனை நீட்டி, "இது உங்கட பிள்ளையளின்ர ரொபோதானே?" என்று சிரித்தார். இனி எழுதாமல் இருக்க ஏலாது.

ஓம், எங்கட ரொபோதான். மேசையில் போட்டிருந்த கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியது, மூன்றாவது வளைவில் நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கியது. வீடியோவுக்கு 'கோட்டை விட்ட விஞ்ஞானிகள்' என்று தலைப்புப் போட்டவருக்குத் தமிழ் நன்றாக வருகிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். அங்கே மைக்கைப் பிடித்த பிரமுகர் "விளையாட்டுச் சாமான் வேறு, ஆராய்ச்சி வேறு" என்று சொன்னதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

அங்கே நடந்தது இதுதான். அந்த ரொபோவின் வயிற்றுக்குக் கீழே ஐந்து சென்சர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஓடுபாதையில் அடித்து, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கும். வெள்ளை நிறையத் திருப்பும், கறுப்பு விழுங்கிவிடும். காலையில் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரி. மூன்று மணிக்கு மேற்கு யன்னலால் வெயில் மேசையில் விழுந்தது. வெயிலிலும் அதே அகச்சிவப்பு இருக்கிறது. சென்சருக்குக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகிவிட்டது. சபை சிரித்துக்கொண்டிருக்கும்போது, பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று மேசைக்குக் கீழே குந்தியிருந்து, மடிக்கணினியில் ஓடிய எண்களைப் பார்த்துவிட்டு, "சேர், வெயில்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிஸ்கட் பெட்டியைக் கிழித்து, சென்சர்களைச் சுற்றிப் பாவாடை மாதிரி அட்டை ஒட்டினாள். அடுத்த ஓட்டத்தில் ரொபோ கடைசிவரை போனது. அந்த வீடியோவை யாரும் எடுக்கவில்லை.

இது ஆராய்ச்சி இல்லையென்றால் எது ஆராய்ச்சி? வீட்டு மேசையில் ஓடுவது வெளியில் ஏன் ஓடவில்லை என்று தேடுவதற்குத்தான் போட்டியே வைக்கிறார்கள்.

2004இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனமான டார்ப்பா மொஹாவி பாலைவனத்தில் ஓட்டுநர் இல்லாத வாகனங்களுக்குப் பந்தயம் வைத்தது. பாதை 200 கிலோமீற்றருக்கு மேல். ஆகத் தூரம் போன வாகனம் 12 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைய. ஒன்றுகூட முடிக்கவில்லை. அன்றைக்கு எங்கட பிரமுகர் அங்கே இருந்திருந்தால் மைக்கைப் பிடித்திருப்பார். அடுத்த வருடம் ஐந்து வாகனங்கள் முடித்தன. வென்ற ஸ்டான்போர்ட் குழுவின் தலைவர் செபஸ்தியன் த்ரன்தான் பிறகு கூகுளின் தானோட்டிக் கார் வேலையைத் தொடங்கி வைத்தார்.

"அது அமெரிக்கா, இது திருகோணமலை" என்பீர்கள். சரி. ஆனால் வெயில் ஒன்றுதானே? 1997இல் டீப் புளூ என்ற கணினி சதுரங்கத்தில் உலகச் சம்பியன் காஸ்பரோவை வென்றது. அதே வருடம் ஜப்பானின் நகோயாவில் ரொபோக்களின் உதைபந்தாட்டப் போட்டியான ரோபோகப் முதல் தடவையாக நடந்தது. அங்கே ரொபோக்களுக்குப் பந்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. சதுரங்கப் பலகையில் வெயில் விழாது, காய் உருண்டு ஓடாது. அதனால்தான் பந்து கடினம். 2050க்குள் உலகக் கிண்ணச் சம்பியன்களை ரொபோ அணி வெல்ல வேண்டும் என்பது அவர்களின் இலக்கு. நடக்குமோ தெரியாது. ஆனால் அந்தப் போட்டியில் கோர்னெல் பல்கலைக்கழக அணியை நடத்திய ரஃபயெல்லோ டி'ஆன்ட்ரேயா பிறகு கீவா என்ற கம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். களஞ்சியத்தில் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு திரியும் அதன் ரொபோக்களுக்காக 2012இல் அமேசன் 775 மில்லியன் டொலர் கொடுத்தது. விளையாட்டுச் சாமான்தான்.

இனி, "சேர்மாரே செய்து கொடுத்துவிட்டுப் பிள்ளைகளின் பெயரைப் போடுகிறார்கள்" என்று எழுதியவருக்கு. ஓம், இரண்டு இடத்தில் ஈயம் பற்றவைத்தது நான்தான். பிள்ளையின் கை சுடக்கூடாது என்று. வேறெதிலும் கை வைக்கவில்லை. நான் 'சேர்'கூட இல்லை. உயர்தரத்தில் கணிதம் எடுத்துக் கோட்டை விட்டவன். ரீவி திருத்துகிற கடைக்காரன். மோட்டரை ரேப் ரெக்கோடரில் இருந்து கழற்றிப் படித்தவன், வேறு வழி இருக்கவில்லை. இந்தப் பிள்ளைகள் பழைய மடிக்கணினிப் பற்றரிக்குள் இருந்து நல்ல செல்லைத் தேடி எடுக்கிறார்கள். மோட்டருக்கு மின்சாரத்தை அளந்து விடும் சின்னப் பலகை, மோட்டர் டிரைவர், ஒன்று எரிந்தால் அதை வாங்கக் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிற ஆளைப் பிடிக்க வேண்டும். காசு எங்கே போகிறது என்று கேட்டவர்கள் கடைக்கு வாருங்கள், பில் எல்லாம் லாச்சிக்குள் இருக்கிறது.

"படிப்புக் கெடுகிறது" என்று தாய்மார் சொன்னால் கேட்பேன், அதில் உண்மை இருக்கிறது. பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்னால் யாரையும் கடைக்கு வரவிடுவதில்லை. "இப்ப எல்லாம் ஏஐதான், சாட்ஜிபிடியிடம் கேட்டால் போதும்" என்பவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை. அதனிடம் கேட்டு அட்டையை ஒட்டிக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஒன்று சொல்ல வேண்டும், எழுதாமல் விட்டால் நித்திரை வராது. 1995இல் கோபேயில் நிலநடுக்கம் வந்து ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்த பிறகுதான், இடிபாட்டுக்குள் ஆட்களைத் தேடும் ரொபோக்களுக்கென்று ரோபோகப்பில் தனிப் போட்டி தொடங்கினார்கள். அப்படிப்பட்ட போட்டிகளில் ஓடிப் பழகிய குயின்ஸ் என்ற ரொபோ 2011இல் ஃபுகுஷிமா அணு உலைக் கட்டிடத்துக்குள் போனது. 2004 மார்கழி 26, சுனாமி வந்த அன்று பின்னேரம் நிலாவெளிப் பக்கம் நாங்கள் மண்வெட்டியாலும் கையாலும் தோண்டினோம். யாரைத் தேடினேன் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதை வைத்து அனுதாபம் கேட்கவில்லை. ரொபோ வந்திருந்தால் கிடைத்திருப்பார் என்றும் சொல்லவில்லை. ஆனால் என் கடையில் பின்னேரத்தில் நடப்பதை விளையாட்டு என்று ஒருவர் மைக்கில் சொன்னால் எனக்கு அந்தப் பின்னேரம்தான் நினைவுக்கு வருகிறது. என்ன செய்ய?

அந்தத் தலைப்புக் கவிஞருக்குக் கடைசியாக ஒன்று. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். வீடியோவின் எட்டாவது செக்கனில் மேசைக்குக் கீழே குந்தியிருக்கிற பிள்ளையின் முகம் தெரிகிறது. திங்கட்கிழமையில் இருந்து அவள் கடைக்கு வரவில்லை. அதை எடுத்துவிடுங்கள்.