மிளகாய்ச் செடிக்கும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்

நாலு இலை சுருண்டவுடன் தெளிப்பானைத் தோளில் மாட்டும் பழக்கம் நம் இராமநாதபுரம் கடலோரக் காடுகளில் வேரூன்றிவிட்டது. செடியைக் கையாலாகாத உயிராக நினைப்பதால் வரும் அவசரம் இது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

புழு கடித்த சற்று நேரத்திலேயே செடிக்குள் தற்காப்பைத் தூண்டும் ஜாஸ்மோனிக் அமிலம் பெருகத் தொடங்குகிறது. கடிபடாத இலைகளுக்கும் சேதி போகிறது. தக்காளியின் ஓர் இலையில் காயம் பட்டால், பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதம் மற்ற இலைகளிலும் சேர்வதை 1972-லேயே கண்டறிந்துவிட்டார்கள். நோய்க்கிருமி நுழைந்தால் முறை வேறு. நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள தன் செல்களையே சாகடித்துக் கிருமியைப் பட்டினி போடும் செடிகள் உண்டு. இலையில் தெரியும் பழுப்புப் புள்ளிகளில் சில, செடி ஜெயித்த சண்டையின் தழும்புகள்.

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயின் காரத்துக்கும் இதில் பங்கு உண்டு. பொலிவியாவின் காட்டு மிளகாய்களை ஆராய்ந்தவர்கள், பூச்சி துளைத்த ஓட்டை வழியாகப் புகும் பூஞ்சையிடமிருந்து அந்தக் காரம் விதையைக் காப்பதாகக் கண்டார்கள். விதையைப் பரப்பும் பறவைகளுக்கோ காரம் உறைப்பதே இல்லை. என்ன கணக்கு பாருங்கள்!

செடி தனியாகவும் போராடுவதில்லை. புழு மென்ற மக்காச்சோள இலை ஒரு வாசனையை வெளியிட, அதைப் பிடித்துக்கொண்டு ஒட்டுண்ணிக் குளவி வந்து புழுவின் உடலில் முட்டையிடுகிறது. வரப்போரத்து ஆமணக்கைக் குனிந்து பாருங்கள். காம்பும் இலையும் சேரும் இடத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் இருக்கும். அதில் கசியும் இனிப்புக்காக எறும்புகள் ஏறி இறங்கும். அவை நடமாடும் இலையில் புழு நிம்மதியாக மேய முடியாது.

நாம் அடிக்கும் மருந்தில் இந்தக் குளவியும் அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் சேர்ந்தே சாகின்றன. பிறகு அசுவினிக்குக் கேட்பாரில்லை. போதாததற்கு யூரியாவை அள்ளிக் கொட்டுகிறோம். தளதளவென்று துளிர்க்கும் இளந்தழை சாறு உறிஞ்சும் பூச்சிக்கு விருந்து.

இலைப்பேன் கட்டுமீறினால் மருந்து வேண்டியதுதான், மறுக்கவில்லை. வாரம் தவறாமல் அடிப்பதைத்தான் எதிர்க்கிறேன். 2016-ல் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ தென்னையைப் பிடித்தபோது, அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் காப்பதற்காக ரசாயன மருந்தைத் தவிர்க்கச் சொன்னது வேளாண் துறை. அதே அறிவுரை மிளகாய்க்காரர்களின் காதுக்கும் எட்ட வேண்டும். கிராமக் கூட்டத்தில் டேங்குக்கு எத்தனை மில்லி என்று சொல்லிவிட்டு எழுந்துபோகும் அலுவலர்கள், ஒருமுறை எங்களோடு வயலில் இறங்கி, இலையைத் திருப்பி, எது பகை எது துணை என்று காட்டட்டும். ஐப்பசி விதைப்புக்கு முன்பே இதைச் செய்யுங்கள்.