கூடாரம் போட்டது யார்?

எங்கள் ஊர் பெரிய ஊரன்று. செம்பனைத் தோட்டத்தின் விளிம்பில் இரண்டு வரிசைக் கடைகள், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில், லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டு வந்தவர்கள் வாங்கிய மலிவு விலை வீடுகள், அவ்வளவுதான். அந்தக் கோயிலின் செயலாளராக நான் இருந்தபோது, திருவிழாவுக்குக் கூடாரமும் நாற்காலியும் போடும் வேலையை என் மனைவியின் தம்பியிடம் கொடுத்தோம். அவர் கேட்ட விலை மற்ற இருவர் கேட்டதைவிடக் குறைவு; அதில் எனக்கு ஒரு காசும் வரவில்லை. ஆனால் அவர் எனக்கு என்ன உறவு என்று கூட்டத்தில் நான் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்தானே என்று இருந்துவிட்டேன். ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசித்து முடித்ததும், அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி எழுந்து, "கூடாரம் போட்டது யாரு தம்பி, உன் மச்சான்தானே? அதையும் சேர்த்து வாசிக்கலாமே" என்றார். விலை குறைவு என்று பதில் சொன்னேன். அவர் விலையைக் கேட்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அரசுப் பதவியில் இருப்பவர்களின் சொத்து அறிவிப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அந்தப் பாட்டியை நினைத்துக்கொள்கிறேன். யாரிடம் எத்தனை வீடு, எத்தனை கார் என்று எண்ணிப் பார்ப்பதில் நமக்கு ஆர்வம் அதிகம். எந்த முடிவில் யாருடைய நலன் கலந்திருக்கிறது என்ற கேள்வியை மட்டும் தவறவிடுகிறோம். சட்டம் அதைத் தவறவிடவில்லை. 2009-ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, தனக்கோ தன் உறவினருக்கோ கூட்டாளிக்கோ நேரடியாகவோ மறைமுகமாகவோ நலன் உள்ள ஒரு விஷயத்தில் அதிகாரி முடிவெடுத்தாலே, அவர் பதவியைக் கையூட்டுக்குப் பயன்படுத்தியதாக அனுமானிக்கிறது. அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது. எஸ்ஆர்சி என்ற அரசு நிறுவனம் தொடர்பான வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப் இந்தப் பிரிவின் கீழும் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஓய்வூதிய நிதியிடமிருந்து எஸ்ஆர்சி பெற்ற 4 பில்லியன் ரிங்கிட் கடனுக்கு அரசு உத்தரவாதம் அளித்த முடிவுகளில் அவர் பங்கேற்றதே அந்தக் குற்றச்சாட்டின் மையம். கையூட்டாகக் கணக்கிடப்பட்ட 42 மில்லியனின் ஐந்து மடங்கு, அதாவது 210 மில்லியன் ரிங்கிட், 2020-இல் அபராதமாக விதிக்கப்பட்டது. 2022-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. அபராதம் பின்னர் மன்னிப்பு வாரியத்தால் 50 மில்லியனாகக் குறைந்தது வேறு கதை.

ஆனால் இந்தச் சட்டம் நடந்து முடிந்த பிறகுதான் வருகிறது. முன்கூட்டியே சொல்ல வைக்கும் ஏற்பாடு நம்மிடம் பாதிதான் இருக்கிறது. அரசு ஊழியர்கள் 1993-ஆம் ஆண்டு நடத்தை ஒழுங்கு விதிகளின்படி தங்கள் சொத்தையும் துணைவர், பிள்ளைகள் பெயரில் உள்ளதையும் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு துறைக் கோப்புக்குள் போய்விடுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் சொத்து அறிவிக்க வேண்டும் என்று மக்களவை 2019 ஜூலையில் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் சட்டமாகாது, 2020-இல் ஆட்சி மாறியதும் அதன் பிடி தளர்ந்தது. தமிழ்நாட்டிலோ, 2002-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, வேட்பாளர் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தந்தால்தான் வேட்புமனுவே நிற்கும். அதை யாரும் எடுத்துப் படிக்கலாம். அதனால் அங்கே ஊழல் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. படிக்கவாவது ஒரு தாள் இருக்கிறது.

என் கவலை இதற்கும் கீழே உள்ள படியைப் பற்றியது. 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டதிலிருந்து நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. நாம் ஓட்டுப் போட்டு இறக்க முடியாத ஒருவர், நம் வாசல் கால்வாயையும் கடை உரிமத்தையும் பற்றிப் பேசும் அவையில் உட்காருகிறார். அவருக்கு எந்தக் குத்தகை நிறுவனத்தில் பங்கு, அவர் அண்ணன் எதில் இயக்குநர் என்பதைக் கூட்டம் தொடங்கும் முன்னரே சொல்லி, குறிப்பேட்டில் பதிவுசெய்து, அந்த விஷயம் வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும். அந்தப் பதிவேடு மண்டபச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். நிறுவனங்களைப் பதிவுசெய்யும் ஆணையத்தில் சில ரிங்கிட் கட்டி இயக்குநர் பெயரைப் பார்க்கலாம் என்பது உண்மைதான், ஆனால் பினாமியின் பெயருக்குப் பின்னால் யார் என்பதை அந்தத் தாள் சொல்லாது.

சின்ன ஊரில் எல்லாரும் சொந்தக்காரர்கள், உறவுக்காரர் வேலை செய்யவே கூடாதா என்று கேட்பார்கள். செய்யலாம். உறவைத் தடைசெய்தால் எங்கள் ஊரில் கால்வாய் வெட்ட ஆளே மிஞ்சாது. உறவு இருப்பதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் கோரிக்கை. "எல்லாருக்கும் தெரியும்" என்பது சொன்னதாகாது. 1938-இல் இந்திய அரசு நிறுத்தும்வரை நம் முன்னோரை இங்கே அழைத்துவந்த கங்காணியும், வேலைக்கு வரும் ஆளுக்குத் தலைக்காசு வாங்கியவரும், பல தோட்டங்களில் கடன் கொடுத்தவரும் ஒரே ஆள்தான். அது லயம் முழுவதும் தெரிந்த சேதி. தெரிந்து என்ன செய்ய முடிந்தது?

இப்போது எங்கள் கோயில் கூட்டத்தில் முதல் வேலை, யாருக்கு எதில் தொடர்பு என்று கேட்டு எழுதிக்கொள்வது. இந்த ஆண்டு கூடார விஷயம் வந்தபோது நான் வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். எண்பது ரிங்கிட் வித்தியாசத்தில் வேலை வேறொருவருக்குப் போனது. மச்சான் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.