நேராகக் கேட்கலாம்
தற்கொலை பற்றி வகுப்பில் பேசினால் பிள்ளைகளுக்கு அந்த எண்ணம் வந்துவிடும் என்று ஒரு பெற்றோர் பயப்படுவதை ஒரு கட்டுரையில் படித்தேன். ஆசிரியையான நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் பின்வரிசை மாணவி ஒருத்தி, யாரையும் தொடவிடாத தன் வண்ணப் பென்சில்களைத் தோழிகளுக்குப் பங்குபோட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிரியமான பொருளை இப்படிக் கொடுத்துவிடுவது தற்கொலை எண்ணத்தின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் மனசு கேட்கவில்லை. தனியே அழைத்து, அப்படி எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். அழுதாள், அப்புறம் ஒரு மணி நேரம் பேசினாள். அன்றே பெற்றோரை வரவழைத்தோம், மனநல மருத்துவரிடமும் காட்டினோம்.

2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தற்கொலைத் தடுப்பு ஆய்வு 10 ஐரோப்பிய நாடுகளில் 168 பள்ளிகளில் நடந்தது. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி தந்த இடங்களில் பெரிய மாற்றமில்லை. மனநலம் பற்றி மாணவர்களுக்கே சொல்லித்தந்த பள்ளிகளில், ஒப்பீட்டுக்கு எடுத்த பள்ளிகளைவிட, ஓராண்டில் புதிய தற்கொலை முயற்சிகள் ஏறக்குறையப் பாதியாக இருந்தன. தோழி ரகசியமாகச் சொன்னதைப் பெரியவரிடம் சொல்வது காட்டிக்கொடுப்பதாகாது என்பதையே முதல் பாடமாக வையுங்கள்.