படித்தீர்களா என்றுதான் கேட்டேன்

இங்கே கலிஃபோர்னியாவில் எங்கள் ஸ்கூல் போர்டின் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1.2 மில்லியன் டாலருக்குக் கை தூக்கிய போர்டு உறுப்பினர்களிடம் அஜெண்டாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். அந்த வீடியோவை எனக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள், அதில் நிற்பது நானில்லை என்பது போல. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. நான் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை, அதை மட்டும் முதலில் பதிவு செய்கிறேன். படித்தீர்களா என்றுதான் கேட்டேன்.

கேட்டு முடிப்பதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள். பொதுமக்கள் பேச வழக்கமாக மூன்று நிமிடம். அன்று நிறையப் பேர் பெயர் கொடுத்திருந்ததால் ஆளுக்கு ஒரு நிமிடமாம். ஊரே திரண்டு வந்தால் ஊர் வாயைச் சுருக்கிவிட வேண்டும், நல்ல கணக்கு. அதே வீடியோவைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். கன்சென்ட் கேலண்டர் என்று 27 அயிட்டங்களை ஒரே கட்டாகக் கட்டி, நாற்பது வினாடியில் ஐந்து கைகள் தூக்கி முடித்துவிட்டார்கள். அதில் 19ஆவதுதான் வகுப்பறைகளுக்கான டச் ஸ்கிரீன். அதற்கு மேலே ஒரு ஆசிரியரின் ராஜினாமா, கீழே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் சுற்றுலா. நடுவில் 1.2 மில்லியன் டாலர், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் ஓரமாக நின்று சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் மாதிரி யார் கண்ணிலும் படாமல்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக: இங்கே அரசுப் பள்ளிகளை நடத்துவது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். அதற்கு மேலே, நாம் ஓட்டுப் போட்டு அனுப்பும் போர்டு. டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்டை வேலைக்கு வைப்பது போர்டுதான். காகிதத்தில் போர்டு முதலாளி, அவர் ஊழியர். கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் தலைகீழாகத் தெரியும். கன்சென்ட் கேலண்டர் என்பது விவாதம் தேவையில்லாத வழக்கமான விஷயங்களை மொத்தமாக நிறைவேற்றும் ஏற்பாடு. கெட்ட ஏற்பாடு இல்லை. உறுப்பினர் ஒருவர் ‘இதைத் தனியாக எடுங்கள்’ என்று சொன்னால் போதும், எடுத்துவிடுவார்கள். ஒரு வாக்கியம்தான். ஐந்து பேரில் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

கலிஃபோர்னியாவில் பிரவுன் சட்டம் என்று ஒன்று 1953இலிருந்து இருக்கிறது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவை வெளியிட வேண்டும். நம் டிஸ்ட்ரிக்ட் சட்டத்தை மீறவே மீறாது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வெளியிடுவார்கள், செவ்வாய் மாலை ஏழு மணிக்குக் கூட்டம். 400 பக்கத்துக்கு மேல். சனி, ஞாயிறு பிள்ளைகளின் நீச்சல், பரதநாட்டியம், தமிழ்ப் பள்ளி எல்லாவற்றுக்கும் நடுவில் நான் காரில் உட்கார்ந்து படித்தேன். எனக்குச் சம்பளமில்லை, பதவியில்லை, மேடையில் பெயர்ப் பலகையும் இல்லை. அதனால்தான் கேட்டேன், நீங்கள் படித்தீர்களா என்று.

படித்திருந்தால் ஒன்று கண்ணில் பட்டிருக்கும். இந்த ஸ்கிரீனுக்கு நம் டிஸ்ட்ரிக்ட் டெண்டரே விடவில்லை. ஒரு வரம்புக்கு மேல் பொருள் வாங்கினால் டெண்டர் விட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். 2024இல் அந்த வரம்பு 1,14,500 டாலர். ஆனால் வேறொரு டிஸ்ட்ரிக்ட் ஏற்கெனவே டெண்டர் விட்டுப் போட்ட ஒப்பந்தத்தில் நாமும் தொற்றிக்கொள்ளலாம் என்று சட்டமே வழி வைத்திருக்கிறது. பிக்கிபேக் என்பார்கள். நம்மூர் உப்பு மூட்டைதான். நேரம் மிச்சம், அலைச்சல் மிச்சம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எந்தக் காலத்தில், எத்தனை உருப்படிக்குப் பேரம் பேசி வாங்கிய விலை, இன்று கடையில் என்ன விலை என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? வீட்டுக்கு மிக்ஸி வாங்கவே நாம் நாலு கடை ஏறி இறங்குகிறோம்.

எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலைமை ஆசிரியர். ஒரு தடவை பெஞ்சு வாங்கப் பணம் வந்தது. விதிப்படி மூன்று கொட்டேஷன் வேண்டும். வந்தது. மூன்றும் ஒரே கையெழுத்து. ‘ரூபாய்’ என்பதில் வரும் ‘ரூ’வுக்கு மூன்றிலும் ஒரே மாதிரி வால். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த மூன்று கடைக்கும் போனார். ஒன்று மரக்கடை. ஒன்று பூட்டிக் கிடந்தது. மூன்றாவது, உரக்கடை. கையெழுத்துப் போட மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இதைச் சொல்லி அப்பாவுக்குச் சிலை வைக்கச் சொல்லவில்லை. பெஞ்சு வர எட்டு மாதம் ஆனது. அதுவரை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில்தான் உட்கார்ந்தார்கள், அதில் நானும் ஒருவன். அடுத்த வருடம் பீரோ வாங்கும்போது அதே ‘ரூ’ வந்தது, அப்பா பேசாமல் கையெழுத்துப் போட்டார். “படிச்சுட்டுத்தான்டா போட்டேன்” என்று கடைசிக் காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாக்கியம் எனக்குள் எங்கோ மாட்டிக்கொண்டுவிட்டது.

சரி, “நம்மூர்ப் புத்தியை இங்கே கொண்டு வராதீங்க, இது அமெரிக்கா” என்று ஒருவர் எழுதியிருந்தார். அமெரிக்காவையே பார்க்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் டிஸ்ட்ரிக்ட், 2013. எல்லாப் பிள்ளைக்கும் ஐபேட் என்று கிளம்பினார்கள். முதல் ஒப்பந்தமே 30 மில்லியன் டாலர், முழுத் திட்டமும் ஒரு பில்லியனைத் தொடும் என்றார்கள். கட்டடங்களுக்காக வாங்கும் பாண்டு கடனிலிருந்து பணம். நாலைந்து வருடத்தில் குப்பைக்குப் போகும் சாதனத்துக்குப் பல பத்தாண்டுக் கடன்! கொடுத்த சில நாளிலேயே பிள்ளைகள் பூட்டை உடைத்து யூடியூப் பார்த்தார்கள் (அந்த விஷயத்தில் பிள்ளைகளைப் பாராட்டத்தான் வேண்டும்). 2014 ஆகஸ்டில் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. டெண்டர் தொடங்கும் முன்பே சூப்பரின்டென்டென்ட் ஜான் டீசியும் அவருடைய துணை அதிகாரியும் ஆப்பிளோடும் பாடப் புத்தக நிறுவனமான பியர்சனோடும் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒப்பந்தம் நின்றது, அக்டோபரில் டீசி விலகினார். எஃப்பிஐ வந்து பெட்டி பெட்டியாக ஆவணங்களை அள்ளிக்கொண்டு போனது. கடைசியில் யார் மீதும் வழக்கில்லை. கவனியுங்கள், வழக்கில்லை. திருட்டு என்று யாரும் நிரூபிக்கவில்லை. போன பணத்தில் கொஞ்சம்தான் திரும்பி வந்தது.

திருட்டும் வேண்டும் என்பவர்களுக்கு சிகாகோ இருக்கிறது. அதே 2013, மே மாதம் பணமில்லை என்று ஏறக்குறைய 50 பள்ளிகளை மூட போர்டு ஓட்டுப் போட்டது. ஜூனில் அதே போர்டு, பிரின்சிபால்களுக்குப் பயிற்சி என்று டெண்டர் இல்லாமல் 20.5 மில்லியன் டாலரை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தது. தலைமை நிர்வாகி பார்பரா பைர்ட்-பென்னட் முன்பு அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர். கமிஷன் பேசி முடித்திருந்தார். காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும், சூதாட்ட விடுதிக்குப் போக வேண்டும் என்று மின்னஞ்சலிலேயே எழுதிய புண்ணியவதி. 2017இல் நாலரை வருடச் சிறைத் தண்டனை. இதை முதலில் தோண்டியவர் கேட்டலிஸ்ட் சிகாகோ என்ற சிறு பத்திரிகையின் நிருபர் சாரா கார்ப். போர்டு உறுப்பினர் இல்லை.

“எல்லாப் பக்கத்தையும் போர்டு படிக்க முடியுமா? அதற்குத்தானே அலுவலர்கள் இருக்கிறார்கள்” என்பது அடுத்த கேள்வி. பாதி நியாயம். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் வருகிறவர்கள் அவர்கள். 400 பக்கமும் படிக்க வேண்டாம். ஏழு இலக்க எண் இருக்கும் பக்கத்தை மட்டுமாவது படிக்கலாமே.

“நீ டெக்னாலஜிக்கு எதிரி.” ஆமாம், இருபது வருடமாக சாப்ட்வேரில்தான் சோறு தின்கிறேன்.

“அப்படியானால் நீயே எலெக்‌ஷனில் நில்.” இதற்குப் பதில் சொல்லப் போவதில்லை. ஓட்டலில் சோறு வேகவில்லை என்று சொன்னால், நீ போய் ஓட்டல் வை என்பார்களா?

ஆனால் இதெல்லாம் என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடாமல் செய்தவை இல்லை. போர்டில் இருக்கும் நம்மவருக்காகப் போன தேர்தலில் வீடு வீடாகக் கதவைத் தட்டியவன் நான். என் வீட்டு முன் புல்வெளியில் அவர் பெயர்ப் பலகை இரண்டு மாதம் நின்றது. மழையில் சாய்ந்தபோதெல்லாம் நிமிர்த்தி வைத்தேன். செவ்வாய்க்கிழமை நான் பேசும்போது அவர் நிமிரவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக் நின்ற பிறகுதான் நிமிர்ந்து, “தேங்க் யூ, நெக்ஸ்ட் ஸ்பீக்கர்” என்றார். என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. போன பொங்கலுக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்.

அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி எழுதுகிறான்: “அண்ணா, நம்ம ஆளு ஒருத்தர் இப்பத்தான் மேல வர்றார், நீங்களே இப்படிப் பண்ணினா நம்ம கம்யூனிட்டி பேரு என்ன ஆகும்?” அதற்கு 43 கட்டைவிரல். நம் பேர்! இரண்டாம் வகுப்பு டீச்சர் ஆகஸ்டில் டிஷ்யூ பெட்டியும் ஒயிட்போர்டு மார்க்கரும் நன்கொடை கேட்டு மெயில் அனுப்பினாரே, அப்போது எங்கே போனது நம் பேர்? பிள்ளைகளின் மூக்கைத் துடைக்கக் காசில்லை, சுவருக்கு ஸ்கிரீன் மாட்டக் காசிருக்கிறது. அந்த 43 பேரில் எத்தனை பேர் அஜெண்டாவைத் திறந்து பார்த்தீர்கள்? கட்டைவிரல் தூக்குவதற்கும் போர்டில் கை தூக்குவதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

குழுவிலிருந்து நான் வெளியேறவில்லை. வெளியேற்றினால் சொல்லுங்கள், தமிழ்ப் பள்ளி கார்பூல் பட்டியல் அதில்தான் இருக்கிறது.

ஒப்பந்த நகல், அந்த இன்னொரு டிஸ்ட்ரிக்டின் விலைப் பட்டியல், கம்பெனியோடு நடந்த மின்னஞ்சல்கள் எல்லாம் கேட்டு நேற்று ஆவணக் கோரிக்கை அனுப்பிவிட்டேன். கொடுப்பார்களா மாட்டார்களா என்று பத்து நாளில் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டத்துக்கும் பெயர் கொடுக்கப் போகிறேன். பேச்சை எழுதி, மகளை டைமர் வைக்கச் சொல்லி வாசித்துப் பார்த்தேன். ஒரு நிமிடம் ஆறு வினாடி. ஆறு வினாடி குறைய வேண்டும். தொடக்கத்தில் ‘போர்டு உறுப்பினர்களே, உங்கள் சேவைக்கு நன்றி’ என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிட்டேன்.