சராசரி மழையை வைத்து ஒரு பூச்சியின் ஆயுளைக் கணிக்காதீர்கள்

ஓர் இனம் அழியுமா, பிழைக்குமா என்ற பேச்சு வந்தாலே சராசரியைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். சராசரி மழை குறையவில்லை, ஆகவே பயமில்லை என்கிறார்கள். தப்பான கணக்கு. ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

1,000 பூச்சிகள் இருக்கின்றன. நல்ல வருடத்தில் 1.5 மடங்கு ஆகும், கெட்ட வருடத்தில் 0.6 மடங்காகச் சுருங்கும். கூட்டிப் பாதியாக்கினால் 1.05, ஆண்டுக்கு 5 சதவீத வளர்ச்சி போலத் தெரியும். ஆனால் உயிர்கள் பெருக்கலில்தான் கூடும், குறையும். 1.5 × 0.6 = 0.9. மாறி மாறி வந்தால் 20 வருடத்தில் 349தான் மிஞ்சும். அதே சராசரியை 1.2, 0.9 என்று வைத்துப் போடுங்கள்: 2,159 ஆகிவிடும். சராசரி ஒன்றுதான், ஊசலாட்டம்தான் வேறு. கெட்ட வருடங்கள் ஐந்து தொடர்ந்து வந்துவிட்டால் 1,000 என்பது 78 ஆகிவிடும். அவ்வளவு குறைந்தபின் இணை கிடைப்பதே பாடு. அடுத்த நல்ல மழை வந்தும் பயனில்லாமல் போகலாம்.

இதற்குக் கண்முன் சாட்சி கலிபோர்னியாவில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜாஸ்பர் ரிட்ஜ் என்ற ஆய்வுக் காப்பிடத்தில் 1960 முதல் உயிரியலாளர் பால் எர்லிக் குழுவினர் பே செக்கர்ஸ்பாட் வண்ணத்துப்பூச்சியை ஆராய்ந்துவந்தார்கள். 1990-களில் அங்கிருந்த கூட்டங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. மழையின் ஏற்ற இறக்கம் கூடியதுதான் அந்த அழிவை விரைவுபடுத்தியது என்று 2002-இல் வந்த ஆய்வு காட்டியது.

எப்படி? இந்த வண்ணத்துப்பூச்சிப் புழுவின் முக்கிய உணவு ஒரு குட்டிச் செடி. நாம் மருந்துக் கடையில் வாங்கும் இசப்கோலுக்கு நெருங்கிய சொந்தம். வசந்தத்தில் முட்டை பொரிந்து வரும் புழு, அந்தச் செடி காய்வதற்குள் ஓரளவு வளர்ந்து கோடை உறக்கத்துக்குப் போய்விட வேண்டும். வறட்சி வந்தால் செடி முந்திக் காய்கிறது. மழையும் மேகமும் மிஞ்சினாலோ, உறக்கம் கலைந்து எழுந்து, வெயில் காய்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் கறுப்புப் புழு தாமதமாக வளர்கிறது. அதனால் பூச்சி பறப்பதும் முட்டையிடுவதும் பிந்திப்போகிறது, அந்த முட்டைகளிலிருந்து வரும் புழுக்களுக்குப் பச்சை இலை மிஞ்சுவதில்லை. இரண்டு பக்கமும் அடி. சில நாள் வித்தியாசத்தில் ஒரு தலைமுறையே பட்டினியில் போகும்.

இங்கே மலைச்சரிவு பெரிய விஷயம். தெற்குச் சரிவில் வெயில் அதிகம், புழு சீக்கிரம் வளரும், செடியும் சீக்கிரம் காயும். வடக்குச் சரிவில் பச்சை நீடிக்கும். இரண்டும் அருகருகே இருந்தால் ஒன்று கைவிடும் வருடத்தில் மற்றொன்று காப்பாற்றும். “பூச்சி அதிகம் தெரியும் இடம் போதும்” என்று ஒரே சரிவைக் காப்பது எனக்குப் பெரும் தவறாகப் படுகிறது. முன்பு ஓரிடத்தில் அழிந்தால் பக்கத்துக் கூட்டத்திலிருந்து பூச்சி வந்து குடியேறும். நடுவில் வீடும் சாலையும் வந்தபின் அந்த வழி அடைபட்டுவிட்டது.

எல்லா உயிருக்கும் ஊசலாட்டம் எமனில்லை. அமெரிக்கா, மெக்சிகோ இரண்டிலும் பரந்த சோனோரன் பாலைவனத்தில் ஒருபருவச் செடிகளின் விதைகள் ஒரே மழையில் மொத்தமாக முளைப்பதில்லை. ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே காத்துக் கிடக்கும். இந்த வருடம் ஒரு செடிக்கு வாய்க்கும், அடுத்த வருடம் இன்னொன்றுக்கு. அங்கே மாறும் மழைதான் பல இனங்களைச் சேர்ந்து வாழ வைக்கிறது. அந்தக் கையிருப்பு வருடத்துக்கு ஒரே தலைமுறை காணும் செக்கர்ஸ்பாட்டிடம் மிகக் குறைவு.

ஆகவே காப்புத் திட்டம் எழுதுகிறவர்கள் சராசரிக்குப் பக்கத்திலேயே மூன்றையும் எழுத வேண்டும்: மிக மோசமான வருடத்து எண்ணிக்கை, கெட்ட வருடங்கள் எத்தனை தொடர்ந்து வந்தன, அந்த வருடங்களில் கடைசிவரை பச்சை நின்ற இடம் எது.